குலையை எண்ணும் கருவியும் கூலியின் கணக்கும்

குர்ஆனின் 83ஆம் அத்தியாயத்தின் பெயரே அளவில் மோசடி செய்பவர்களைக் குறிக்கிறது. வாங்கும்போது நிறைய அளந்து வாங்கி, கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பவர்களுக்குக் கேடு என்றுதான் அது தொடங்குகிறது. மறுமை, விசாரணை, செயல்கள் பதிவான ஏடு எல்லாம் அதற்குப் பிறகே வருகின்றன. தீர்ப்பு நாளைப் பற்றிய பேச்சைத் தராசிலிருந்து தொடங்கிய மார்க்கம் இது. செயற்கை நுண்ணறிவைப் பற்றி அந்த மார்க்கம் என்ன சொல்லும் என்று தேடுகிறவர்களோ பெரும்பாலும் வேறு இடங்களில் தேடுகிறார்கள். இயந்திரத்துக்கு ஆன்மா உண்டா, அது ஃபத்வா சொல்லலாமா, இமாமுக்கு ஜும்ஆ உரை எழுதிக் கொடுக்கலாமா என்பவையே அவர்களுடைய கேள்விகள். தராசு எங்கே இருக்கிறது என்று பார்ப்பவர் குறைவு. மலேசியாவில் அது தோட்டத்தில் இருக்கிறது.

ரந்தாவ், லிங்கி, லாபு, பகாவ் என்று ஊர்ப்பெயரைச் சொன்னாலே தோட்டத்தை நினைக்கும் தலைமுறை நெகிரி செம்பிலான் மாநிலத்தில் இன்னும் உண்டு. கங்காணி வழி ஆளெடுப்பு 1938இல் நின்றுபோனது. ஆனால் அந்த முறை உருவாக்கிய அடுக்கு நிற்கவில்லை. விடியுமுன் பெரட்டு என்னும் ஆளெண்ணிக்கைக்கு நிற்கும் தொழிலாளர்கள், அவர்களுக்கு மேல் மேற்பார்வை பார்க்கும் மண்டோர், அவருக்கு மேல் கணக்கெழுதும் கிராணி, எல்லாருக்கும் மேலே துரை. பால்மரம் வெட்டியவர் வாளியைச் சுமந்து ஸ்டோருக்கு வருவார். பாலை அளப்பார்கள், தண்ணீர் கலந்திருக்கிறதா, உலர்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியை விட்டுப் பார்ப்பார்கள். அந்த எண்ணைக் கிராணி ஆங்கிலத்தில் செக்ரோல் என்னும் கூலிப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். சுமந்து வந்தவர்களில் பலருக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியாது. கிராணி என்ற பெயருக்குத் தோட்டத்தில் இருந்த பயத்தையும் மரியாதையையும் விளக்க வேறு காரணம் தேட வேண்டியதில்லை. கூலி மரத்திலிருந்து வரவில்லை, அவருடைய பேனாவிலிருந்து வந்தது.

இன்று அந்த நிலங்களில் பெரும்பகுதி செம்பனை. தமிழ்க் குடும்பங்களில் பல சிரம்பானுக்கும் நீலாய்க்கும் செனவாங்குக்கும் நகர்ந்துவிட்டன. குலை வெட்டுபவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியர்கள், வங்காளதேசத்தவர்கள், நேபாளிகள், கொஞ்சம் இந்தியர்கள். குலை முதிர்ந்துவிட்டதா என்பதை மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழங்களை வைத்து முடிவு செய்வது பழைய வழக்கம். இப்போது கைப்பேசியில் எடுத்த படத்தை வைத்துப் பழுத்த குலை, பழுக்காத குலை என்று பிரித்துச் சொல்லும் மென்பொருள்களைப் பல்கலைக்கழகங்களும் தோட்ட நிறுவனங்களும் உருவாக்கி வருகின்றன. ஒரு ஹெக்டேரில் 136 முதல் 148 வரை மரங்கள் நிற்கும். பெரிய நிறுவனங்களில் அவற்றை ட்ரோன் மேலிருந்து எண்ணிவிடுகிறது. கோவிட் காலத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர் வரவு நின்று குலைகள் மரத்திலேயே அழுகிய பிறகு, இந்த அவசரம் இன்னும் கூடியது. எல்லாத் தோட்டங்களுக்கும் இவை வந்துவிட்டன என்று சொல்ல முடியாது. போகிற திசை தெளிவு: மண்டோரின் கண்ணும் கிராணியின் பேனாவும் ஒரே கருவிக்குள் போகின்றன.

இதே காலத்தில் நாட்டின் மேல்மட்டத்திலும் அறம் பற்றிய பேச்சு சூடுபிடித்திருக்கிறது. 2024 செப்டம்பரில் அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்க அமைச்சு செயற்கை நுண்ணறிவு ஆளுகைக்கும் அறத்துக்குமான தேசிய வழிகாட்டியை வெளியிட்டது. நியாயம், பாதுகாப்பு, தனியுரிமை, அனைவரையும் உள்ளடக்குதல், வெளிப்படைத்தன்மை, பொறுப்பேற்றல், மனித நலன் என்று ஏழு கொள்கைகள் அதில் உண்டு. டிசம்பரில் தேசியச் செயற்கை நுண்ணறிவு அலுவலகம் தொடங்கப்பட்டது. 2025 ஆகஸ்டில், முன்பு மைஈஜி என்ற பெயரில் இருந்த ஸெட்ரிக்ஸ் ஏஐ நிறுவனம், ஷரீஆவோடு இசைந்த மொழி மாதிரி என்ற அறிமுகத்தோடு நூர்ஏஐயைக் கொண்டுவந்தது. மலாய், இந்தோனேசியம், அரபு, ஆங்கிலம் ஆகியவை அதன் மொழிகள். சீன, மேற்கத்திய மாதிரிகள் முஸ்லிம் வாசகனுக்கு அந்நியமான உலகப் பார்வையோடு பதில் சொல்கின்றன என்ற குறையில் நியாயம் இருக்கிறது. ஆனால் இசைவு என்பது பதிலின் உள்ளடக்கத்தில் மட்டுமா இருக்கிறது? மதுவைப் பற்றிச் சரியான விடை சொல்லும் இயந்திரம் ஷரீஆவோடு இசைந்தது என்றால், பழுத்த குலையைப் பழுக்காதது என்று தள்ளி ஒருவனுடைய கூலியைக் குறைக்கும் இயந்திரத்தை என்னவென்று சொல்வது? இரண்டாவது கேள்விக்கு ஃபிக்ஹு எனப்படும் இஸ்லாமியச் சட்ட நூல்களில் முதலாவதைவிட நெடிய மரபு உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

குர்ஆனின் மிக நீளமான வசனம் தொழுகையைப் பற்றியதோ சொர்க்கத்தைப் பற்றியதோ அன்று. இரண்டாம் அத்தியாயத்தின் 282ஆம் வசனமான அது, கடனை எழுதிவைப்பதைப் பற்றியது. எழுதுபவர் நியாயமாக எழுத வேண்டும், தொகை சிறிதென்று எழுதச் சலித்துக்கொள்ளக் கூடாது, சாட்சிகள் வேண்டும், எழுதுபவருக்கும் சாட்சிக்கும் தொல்லை தரக் கூடாது. இவற்றினிடையே ஒரு நுட்பமான விதி: யார்மீது பொறுப்பு விழுகிறதோ அவர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். அவரால் இயலாவிட்டால் அவருடைய காப்பாளர் சொல்ல வேண்டும். ஓர் ஆவணம் யாரைக் கட்டப்போகிறதோ அவருடைய குரல் அதில் இருந்தாக வேண்டும் என்பது கருத்து.

இதை அப்படியே தோட்டத்துக்குப் பொருத்தினால் முதலில் ஒரு சிக்கல் வரும். கூலியைப் பொறுத்தவரை கடன்பட்டவர் முதலாளிதான். அவர் சொல்ல எழுதுவதில் தவறில்லையே என்று கேட்கலாம். இத்தனை குலை வெட்டினான் என்று நிறுவனமே எழுதினால், அது நிறுவனம் தனக்கு எதிராகத் தானே தரும் ஒப்புதல், சட்டப்படி வலுவானது. ஆனால் கழிவு என்று ஒன்று எழுதப்படும் நொடியில் திசை மாறுகிறது. பழுக்காத குலை இத்தனை, உதிரிப்பழம் பொறுக்காமல் விட்டது இவ்வளவு என்று எழுதும்போது பொறுப்பு தொழிலாளிமீது விழுகிறது. அந்த வரியை அவன் சொல்லாமல், பார்க்காமல், மறுக்க வழியில்லாமல் எழுதுவது வசனத்தின் நோக்கத்துக்கு எதிரானது. கடனுக்குச் சொன்னதைக் கழிவுக்கு நீட்டுவது என்னுடைய ஒப்புநோக்கு; ஆலிம்கள் இதை ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் குலை எண்ணிக்கைக்கும் குலைக் கழிவுக்கும் ஒரே வகையான பதிவு போதும் என்று கருதும் மென்பொருள் வடிவமைப்பாளருக்கு ஏழாம் நூற்றாண்டு அரேபியாவின் எழுத்தர் ஒருவர் கற்றுக்கொடுக்க ஏதோ இருக்கிறது என்பதை மறுப்பது கடினம்.

தோட்டத்து மக்களுக்கு இது புதிய அறிவு இல்லை. தோட்டத்துக் கடையில், அது செட்டியார் கடையோ தமிழ் முஸ்லிம் கடையோ சீனர் கடையோ, 555 என்று அட்டையில் அச்சிட்ட சிறு நோட்டில் கடன் ஏறும். அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய். விவரம் தெரிந்த குடும்பங்கள் தங்களிடமும் ஒரு 555 வைத்துக்கொள்ளும். சம்பள நாளில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பணம் கைமாறும். கடையில் சாத்தியமான இந்த இரட்டைப் பதிவு செக்ரோலில் ஒருபோதும் சாத்தியமாகவில்லை. செயலியிலும் இல்லை.

கூலி விஷயத்தில் ஹதீஸ்கள் கடுமையானவை. வியர்வை காயுமுன் கூலியைக் கொடுக்கச் சொல்லும் ஹதீஸ் இப்னு மாஜாவின் தொகுப்பில் இருக்கிறது. மேடைகளில் அதிகம் கேட்பது இதுதான். அதைவிட வலுவானது புகாரியின் தொகுப்பில் வரும் இன்னொன்று. மறுமையில் மூன்று பேருக்கு இறைவனே எதிர்வழக்காடுவான் என்கிறது அது. இறைவன் பெயரால் வாக்குக் கொடுத்து மீறியவன், சுதந்திரமான மனிதனை விற்று அந்தப் பணத்தைத் தின்றவன், ஆளை வைத்து முழு வேலையும் வாங்கிக்கொண்டு கூலி தராதவன். ஆளெடுப்பு முகவருக்குக் கடன்பட்டு லோம்போக்கிலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ வந்து, கடவுச்சீட்டை ஆபீஸில் விட்டுவிட்டு வேலை செய்யும் ஒருவனைப் பற்றி நினைக்கும்போது, இந்த மூன்று பேரும் தனித்தனி ஆட்களாகத் தெரிவதில்லை.

இஜாரா எனப்படும் கூலி ஒப்பந்தத்துக்கு ஃபிக்ஹு விதிக்கும் அடிப்படை நிபந்தனை, கூலி முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பது. தெரியாத கூலிக்கு வைத்த ஆள், ஒப்பந்தக் குறையோடு வைத்த ஆள். ஒரு குலைக்கு இவ்வளவு என்று சொல்லிவிட்டால் கூலி தெரிந்ததாகிவிடுகிறது. ஆனால் எது குலை என்று முடிவு செய்யும் எல்லையை யாரோ ஓர் அலுவலகத்தில் மாற்றி, இரவோடிரவாக மென்பொருளைப் புதுப்பித்துவிட்டால்? ஒப்பந்தத்தில் ஓர் எழுத்து மாறவில்லை, கூலி மாறிவிட்டது. சிரம்பானில் மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுபோகும் முன்னாள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்த அனுபவம் நன்றாகத் தெரியும். ஒரே தூரம், ஒரே மழை, நேற்று ஒரு விலை, இன்று ஒரு விலை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்ற மக்களவை கிக் தொழிலாளர் மசோதாவை நிறைவேற்றியதற்குப் பின்னால் இந்தக் குமுறல் இருந்தது. குலை வெட்டுபவனுக்கு அந்த அளவுக்குக் குரல் எழுப்பும் வசதியும் இல்லை. அவனுடைய வேலை அனுமதியே முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது.

1058இல் மறைந்த பாக்தாத் நீதிபதி அல்-மாவர்தீ, அரசாட்சி விதிகளைத் தொகுத்த நூலில் முஹ்தசிப் என்னும் சந்தைக் கண்காணிப்பாளரின் வேலைகளை விவரிக்கிறார். எடைக்கற்களைச் சோதிப்பது அவற்றில் ஒன்று. வேலைக்கு வைத்தவர் கூலியைக் குறைத்தாலோ பேசியதற்கு மேல் வேலை வாங்கினாலோ அவரைத் தடுக்க வேண்டும் என்பதும் உண்டு. ஆள் வேலையில் குறைவைத்தாலோ கூடுதல் கூலி கேட்டாலோ அவனையும் தடுக்க வேண்டும் என்று சமநிலை காக்கிறார். இதில் மாவர்தீ தொழிலாளியின் மதத்தைக் கேட்கவில்லை. புகாரி தன் தொகுப்பில் கூலி பற்றிய பகுதியில், நபிகள் மக்காவை விட்டுப் போகும்போது வழிகாட்டியாகக் கூலிக்கு அமர்த்திய ஒரு முஸ்லிமல்லாதவரைப் பற்றிய செய்தியைச் சேர்த்திருக்கிறார். மாரியம்மன் கோயில் தோட்டத்துத் தமிழர்களின் வழித்தோன்றல்கள் இஸ்லாமிய அறம் தமக்கு எதற்கு என்று நினைத்தால் அது புரிந்துகொள்ளக்கூடியதுதான். மலேசியாவில் மதச் சொல்லாடல் அவர்களைத் தழுவியதைவிட விலக்கி வைத்தது அதிகம். இருந்தாலும் அரசும் பெருநிறுவனமும் தங்கள் நேர்மையை இந்தச் சொற்களால் அளந்துகாட்டும் நாட்டில், அந்தச் சொற்களை அவற்றின் முழு எடையோடு திருப்பிக் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

தவறு நடந்தால் பொறுப்பு யார்? அறப் பேச்சுகள் வழக்கமாக மங்கிப்போவது இந்த இடத்தில்தான். ஃபிக்ஹு இங்கேதான் கூர்மையாகிறது. உதுமானிய அரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த மஜல்லா, ஹனஃபி சட்டத்தை 1,851 பிரிவுகளில் அடுக்கியது. ஜோகூர் அதை மலாயில் பெயர்த்துக் கைக்கொண்டது என்பதால் இந்த மண்ணுக்கும் அது அந்நியமில்லை. அதன் தொடக்கத்தில் வரும் பொதுவிதிகளில் மூன்று இங்கே உதவும். நேரடியாகச் செய்தவரும் காரணமாக இருந்தவரும் சேர்ந்திருந்தால், பொறுப்பு நேரடியாகச் செய்தவரைச் சேரும். விலங்கு தானாகச் செய்த சேதத்துக்கு ஈடு இல்லை. பலனை அனுபவிப்பவரே சுமையையும் ஏற்க வேண்டும்.

முதல் விதியை மட்டும் பிடித்துக்கொண்டால், கைப்பேசியைப் பிடித்துக் குலையைப் படமெடுத்த மண்டோர் மாட்டிக்கொள்வார். இயந்திரம் சொன்னதை அவர் வெறுமனே அழுத்தி உறுதி செய்தார். ஆனாலும் கை அவருடையது. இரண்டாம் விதியைப் பிடித்தால் யாருமே மாட்ட மாட்டார்கள். கருவி தானாகக் கற்றது, தானாக முடிவு செய்தது, கட்டறுந்த மாடு வயலில் மேய்ந்ததுபோல் என்று கைவிரிக்கலாம். கருவிக்குச் சுயபுத்தி இருக்கிறது என்று புகழ்ந்து விற்பவர்கள், நஷ்டம் வந்ததும் அதே சுயபுத்தியின் பின்னால் ஒளிந்துகொள்ள இது வசதியான இடம். ஃபகீஹ்கள் எனப்படும் பழைய சட்ட அறிஞர்கள் இதை அறியாதவர்களில்லை. விலங்கின்மேல் ஏறியிருப்பவன், பின்னாலிருந்து ஓட்டுபவன், முரட்டு மாடு என்று தெரிந்தும் கட்டாமல் விட்டவன் ஆகியோரை அவர்கள் விதிவிலக்கிலிருந்து வெளியே எடுத்தார்கள். மென்பொருளைத் தோட்டத்தில் ஓட்டும் நிறுவனம் இந்த மூன்றில் ஏதேனும் ஒன்றாக இல்லாமல் இருக்க முடியாது. மூன்றாம் விதி மீதியை முடித்துவைக்கிறது: ஆள்செலவு குறைந்த லாபம் எங்கே போகிறதோ, தவறின் செலவும் அங்கேயே போக வேண்டும்.

நீதிமன்றத்தில் இந்தக் கேள்வி ஏற்கெனவே எழுந்துவிட்டது. 2020 பிப்ரவரியில் கோத்தா கினாபாலுவில், போதைப்பொருள் வழக்குகளில் தண்டனை அளவைப் பரிந்துரைக்கும் மென்பொருளைச் சபா, சரவாக் நீதிமன்றங்கள் பயன்படுத்தத் தொடங்கின. குற்றம்சாட்டப்பட்டவர் தரப்பு வழக்கறிஞர் ஆட்சேபித்தார். பரிந்துரை நீதிபதியைக் கட்டாது என்பது தரப்பட்ட விடை. சிவில் நீதிமன்றம்தான், ஆனால் காழிகளைப் பற்றிய ஒரு ஹதீஸ் இங்கே நினைவுக்கு வராமல் இருக்காது. நீதிபதிகளில் மூன்று வகையினரைச் சொல்லி, உண்மையை அறியாமலே தீர்ப்பளித்தவனை நரகத்துக்குரியவர்களில் ஒருவனாக அது வைக்கிறது. நீதிபதி மீறலாம் என்ற உரிமை காகிதத்தில் இருப்பதும், நாளுக்கு நூறு வழக்கு பார்ப்பவர் உண்மையில் மீறுவதும் வேறு வேறு. மண்டோருக்கும் அதே கதைதான். லாரி காத்துக்கொண்டிருக்கும்போது கருவி சொன்னதை மறுத்து எழுத அவருக்கு நேரம் ஏது?

கண்காணிப்பைப் பற்றி ஒரு பழங்கதை. கலீஃபா உமர் இரவில் ஒரு வீட்டுச் சுவரேறிக் குதித்து, உள்ளே மது அருந்தியவனைப் பிடித்தார். அவன் சளைக்கவில்லை. நான் செய்தது ஒரு பாவம், நீங்கள் செய்தவை மூன்று: வேவு பார்த்தீர்கள், வாசல் வழி வரவில்லை, சலாம் சொல்லி அனுமதி கேட்கவில்லை என்றான். உமர் அவனை விட்டுவிட்டார். வேவு பார்ப்பதைக் குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் நேரடியாகத் தடுக்கிறது. மாவர்தீயும் முஹ்தசிப் வெளியே தெரியாத தவறைத் துருவக் கூடாது என்கிறார். தோட்டத்தில் முகத்தைப் படமெடுத்து வருகை பதிவது ஓரளவுக்கு நியாயம். பெரட்டே ஆளெண்ணும் சடங்குதானே. அதே முகப்பதிவு தங்குமிடத்து வாசலுக்கும், இருப்பிடத்தைச் சொல்லும் கைப்பேசி ஞாயிற்றுக்கிழமை பகாவ் பட்டணத்துக்கும் கூடவே போனால் அது சுவரேறிக் குதிப்பது. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2024இல் திருத்தப்பட்டது. ஒப்புதலைப் பற்றி அது நிறையப் பேசுகிறது. கடவுச்சீட்டு கையில் இல்லாதவனின் ஒப்புதல் எத்தகையது?

இந்த இடத்தில் பணத்தின் பாதையையும் பார்க்க வேண்டும். 1981 செப்டம்பர் 7ஆம் நாள் காலையில், லண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்துக்குள் தோட்ட நிறுவனமான குத்ரியை மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நேஷனல் கைப்பற்றியது. நெகிரி செம்பிலானின் பல தோட்டங்கள் அந்த ஒரு காலையில் வெள்ளையரிடமிருந்து மலேசியர் கைக்கு வந்தன. 2007இல் குத்ரியும் கோல்டன் ஹோப்பும் சைம் டார்பியோடு இணைந்தன. தோட்டப் பிரிவு 2024இல் எஸ்டி குத்ரி என்று பெயர் மாற்றிக்கொண்டது. பெர்மோடாலான் நேஷனல் நடத்தும் அமானா சஹாம் பூமிபுத்ரா நிதியில் லட்சக்கணக்கான மலாய்க் குடும்பங்களின் சேமிப்பு இருக்கிறது. அந்த லாப ஈவு ஹலாலா என்று பல ஆண்டுகள் விவாதம் நடந்து, 2008இல் தேசிய ஃபத்வா குழு கூடும் என்றது. எல்லா மாநிலங்களும் அதே வழியில் போகவில்லை.

விவாதம் எதைப் பற்றி நடந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. நிதி வட்டி வங்கிகளில் போடப்படுகிறதா என்பது கேள்வி. பங்கு ஆணையம் ஆண்டுக்கு இருமுறை வெளியிடும் ஷரீஆ இசைவுப் பட்டியலிலும் அதே பார்வைதான். வட்டி, சூது, மது, பன்றி இறைச்சி போன்றவற்றின் வருமானம் 5 அல்லது 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. வட்டிக்கடனும் வட்டி வங்கியில் கிடக்கும் பணமும் சொத்தில் 33 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். கூலி ஒழுங்காகக் கொடுக்கப்படுகிறதா என்ற வரி அந்தச் சல்லடையில் இல்லை. 2020 டிசம்பரில் அமெரிக்கச் சுங்கத் துறை, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வகுத்த கட்டாய உழைப்பின் 11 அடையாளங்களும் இருப்பதாகக் காட்டும் தகவல் கிடைத்ததாகக் கூறிச் சைம் டார்பி பிளாண்டேஷனின் பாமாயிலைத் தடுத்து வைத்தது. நிறுவனம் சீர்திருத்தங்கள் செய்தது, ஆளெடுப்புக் கட்டணத்தைத் தொழிலாளர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது, 2023 பிப்ரவரியில் தடை விலகியது. கூலியைப் பிடித்துவைப்பது, கடனால் கட்டிப்போடுவது, ஏமாற்றி ஆளெடுப்பது: அந்த 11இல் ஃபிக்ஹு நூல்கள் அறியாதது எதுவுமில்லை. ஆனாலும் இவற்றைக் கேட்கும் வேலை வாஷிங்டனின் சுங்க அதிகாரிக்கு விடப்பட்டது. மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2017இல் முன்வைத்த மதிப்புசார் இடைநிலைக் கொள்கை போன்ற முயற்சிகள் இந்தக் குறையை உணர்ந்தே வந்தவை என்பதையும் சொல்ல வேண்டும். செயற்கை நுண்ணறிவுக்கு ஷரீஆ இசைவு முத்திரை குத்த நினைப்பவர்கள், அதே சல்லடையை எடுத்து வராமல் இருந்தால் நல்லது.

முத்திரையில் இன்னொரு சிக்கலும் உண்டு, அது நெகிரி செம்பிலானுக்கே உரியது. இஸ்லாமிய வாரிசுப் பங்கீடு, கணினி மிக எளிதாகச் செய்யக்கூடிய வேலை. அல்-குவாரிஸ்மியின் அல்ஜீப்ரா நூலிலேயே ஏறக்குறையப் பாதி வாரிசுக் கணக்குகள்தான். மகனுக்கு இவ்வளவு, மகளுக்கு அதில் பாதி என்று எந்த மொழி மாதிரியும் நொடியில் பிரித்துக் கொடுக்கும். ஆனால் ரெம்பாவிலோ கோலாப்பிலாவிலோ பரம்பரை நிலம் அப்படிப் பிரிவதில்லை. அங்கே அதாத் பெர்பாத்தே என்னும் தாய்வழி மரபு; 12 குலங்கள்; நிலம் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். 1909இலும் பின்பு 1926இலும் காலனி அரசு இதைச் சட்டமாகவே எழுதிவைத்தது. 1951இல் ரெம்பாவில் மதவாதிகள் இதை மாற்ற முயன்றபோது பெண்கள் கிளர்ந்தெழுந்தார்கள், மாற்றம் கைவிடப்பட்டது. அந்தப் பெண்களும் தொழுகிற, நோன்பு பிடிக்கிற முஸ்லிம்கள்தான். அடுத்த வேலியில் தோட்டம், இந்த வேலியில் தாய்வழி நிலம் என்று கிடக்கும் இந்த மாநிலத்தில், இஸ்லாம் இப்படிச் சொல்கிறது என்று ஒற்றை வாக்கியத்தில் பதில் தரும் கருவி பாதி மக்களுக்குத் தவறான பதில் தரும்.

ஃபத்வாவும் இங்கே மாநில விஷயம். அரசிதழில் வந்த ஃபத்வா அந்த மாநில முஸ்லிம்களை மட்டும் கட்டும். நீலாயைத் தாண்டிச் சிலாங்கூருக்குள் போனால் வேறு முஃப்தி. மலேசியா ஷாஃபிஈ மத்ஹபை, அதாவது சட்டப் பள்ளியை, பின்பற்றும் நாடு. சிரம்பானில் தொழில் செய்யும் ராவுத்தர் குடும்பமோ தலைமுறைகளாக ஹனஃபி. மலாய்ப் பனுவல்களைத் தின்று வளர்ந்த மாதிரி அவருடைய கேள்விக்கு மலாய்க்காரரின் பதிலைத் தரும், அது யாருடைய பதில் என்று சொல்லாமலே. ஹதீஸ் கலை ஆயிரம் ஆண்டுகளாகக் கட்டிக்காத்த ஒழுங்கு இதற்கு நேர் எதிரானது. யாரிடமிருந்து யார் கேட்டார், அவர் நம்பத்தக்கவரா, நினைவாற்றல் எப்படி என்று ஒவ்வொரு கண்ணியையும் சோதித்த பிறகே செய்தியை ஏற்பார்கள். ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் ஒளூவுக்குத் தண்ணீரை வீணாக்காதே என்ற செய்தியைக்கூட, கருத்து எவ்வளவு அழகானதாக இருந்தாலும், அறிவிப்பாளர் வரிசை பலவீனம் என்று ஹதீஸ் அறிஞர் பலர் குறிப்பிடுவார்கள்.

மலேசிய இஸ்லாமிய அறிவியல் பல்கலைக்கழகம் 1998இல் நிறுவப்பட்டது. அதன் வளாகம் நீலாயில், லாபுத் தோட்டங்களுக்குப் பக்கத்தில். மகாஸித், அதாவது ஷரீஆவின் நோக்கங்கள், என்ற சட்டகத்தைக் கொண்டு செயற்கை நுண்ணறிவை மதிப்பிடும் கட்டுரைகளுக்கு இப்போது மலேசியாவில் பஞ்சமில்லை. மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, உடைமை என்று 1111இல் மறைந்த கஸ்ஸாலி வகுத்த ஐந்தையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஓர் அபாயத்தைப் பொருத்திவிட்டால் கட்டுரை முடிந்துவிடும். அந்தப் பட்டியல் யாரையும் சங்கடப்படுத்துவதில்லை. முஹ்தசிப் சந்தைக்குப் போனதைப்போல் தோட்டத்துக்குப் போய் ஒரு குலையின் கணக்கைத் தொடக்கத்திலிருந்து கூலி வரை பின்தொடரும் ஆய்வு சங்கடப்படுத்தும்.

1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம் முதலாளி தொழிலாளர் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும் என்கிறது. ஆள்பல இலாகா அதிகாரி வந்து கேட்டால் காட்ட வேண்டும். பதிவேடு செக்ரோலாக இருந்த காலத்தில் எழுதப்பட்ட விதி அது. குலையைத் தள்ளிய மென்பொருளின் எல்லை எங்கே வைக்கப்பட்டது, எந்த நாளில் மாற்றப்பட்டது, தள்ளப்பட்ட குலையின் படம் இருக்கிறதா, அதைப் பார்த்து உறுதி செய்த மனிதரின் பெயர் என்ன, அந்தக் கழிவு வெட்டியவனுக்கு அவன் மொழியில் அன்றே காட்டப்பட்டதா என்ற ஐந்து கேள்விகளையும் அதே பதிவேட்டின் பகுதியாக அதிகாரி கேட்கத் தொடங்குவதற்குப் புதிய அறநெறிச் சாசனம் தேவையில்லை. 2024இன் தேசிய வழிகாட்டி யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. பதிவேட்டு விதி கட்டாயமானது. ஒழுங்குமுறையில் சில வரிகள் சேர்த்தால் போதும். அந்த வரிகளைச் சேர்க்கச் சொல்லி முஃப்தி அலுவலகமும் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதலாம்.